ராத்திரி மாத்திரை

சித்தப்பா ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய மறுநாள் காலை, அவருடைய மஞ்சப்பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். பதினோரு அட்டை விழுந்தது. சித்தி ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: "இது பிரஷருக்கு, இது சுகருக்கு ரெண்டு வேளை, இந்தச் சிவப்பு ரத்தம் உறையாம இருக்க, இது ராத்திரி மாத்திரை." நிறமும் அட்டையின் பளபளப்பும்தான் அவருக்கு அடையாளம். நான் அட்டைகளைத் திருப்பிப் போட்டு, வெள்ளிக் காகிதத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மருத்துவமனையில் புதிதாகக் கொடுத்த ராத்திரி மாத்திரை அட்டோர்வாஸ்டாடின் 40 மி.கி. ஊர் டாக்டர் மூன்று வருடமாக எழுதிக்கொடுத்து வந்த 'கொழுப்பு மாத்திரை' வேறு பெயரில் இருந்தது. அதுவும் அட்டோர்வாஸ்டாடின்தான், 20 மி.கி. ஆஸ்பிரின் என்று நம்பி அவர் மதியம் போட்டுவந்த இன்னொரு அட்டையில், பெயருக்குப் பின்னால் 'ஏவி' என்று இரண்டு எழுத்து ஒட்டியிருந்தது. பின்புறம் திருப்பினால் ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாடின் 10. மூன்றும் சேர்த்தால் 70 மி.கி. இப்படி ஓர் அளவை எந்த டாக்டரும் அவருக்கு எழுதவில்லை.

நல்லவேளை, ஒரே ஒரு நாள்தான் போயிருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டு, பழைய இரண்டையும் தனியாக எடுத்து வைத்தோம். ஆஸ்பிரின் புதுச் சீட்டிலேயே தனியாக இருந்தது. மருந்துக்கடையில் மருந்தாளுநராகப் பல வருடம் நின்றவன் நான்; என் வீட்டிலேயே இது நடக்க இருந்தது. அதனால்தான் இந்த அத்தியாயத்தை அட்டையின் பின்புறத்திலிருந்து தொடங்குகிறேன்.

கொழுப்பைக் குறைக்க எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை 'ஸ்டாடின்' என்ற குடும்பம். அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின், சிம்வாஸ்டாடின், பிரவாஸ்டாடின் என எல்லாப் பெயரும் அப்படியே முடியும். கம்பெனிப் பெயர்கள் எத்தனையோ. மேலே பெரிய எழுத்தில் என்ன இருந்தாலும், கீழே சின்ன எழுத்தில் 'ஸ்டாடின்' இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு மாத்திரைகளில்தான் அதிகம் ஏமாறுவோம். 'ஏவி' என்றால் ஆஸ்பிரினோடு அட்டோர்வாஸ்டாடின். 'கோல்டு' என்று முடிவது பெரும்பாலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஸ்டாடின் மூன்றும் அடங்கியது. 'எஃப்' என்றால் பெரும்பாலும் ஃபெனோஃபைப்ரேட் சேர்ந்தது. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் அட்டையே வேறு மாதிரி இருக்கும். மருந்து அதேதான், விலை குறைவு, தயங்காமல் வாங்கலாம். ஆனால் பழைய அட்டை வீட்டில் மிச்சம் இருக்கும்போது புது அட்டை வந்து சேர்கிற அந்த வாரத்தில்தான் இரண்டையும் போட்டுக்கொள்கிற விபத்து நடக்கிறது. பழையதைத் தீர்த்த பிறகு புதியதைத் தொடங்குங்கள்.

கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு, ஐந்தாகக் கொடுத்தால், மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். கூச்சம் வேண்டாம். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

எதற்காக இது

நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, கல்லீரல் தானே செய்வது. அதைச் செய்ய ஒரு நொதி வேண்டும். ஸ்டாடின் அந்த நொதியின் கையைக் கட்டுகிறது. கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் போதாமல் போகவே, அது ரத்தத்தில் ஓடுகிற எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் உறுதிப்படுவதும் இதன் வேலை. மாரடைப்பு வந்தவருக்கு இந்த இரண்டாவது வேலைதான் உயிர். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குத் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் உடனே கொடுக்கும் மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு அட்டோர்வாஸ்டாடினும் இருப்பது இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்து, 1973-ல் முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். அது கிடைத்தது கியோட்டோ நகரத் தானியக்கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சையில். "இங்கிலீஷ் மருந்து, எல்லாம் கெமிக்கல்" என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் இந்த அரிசியைப் பற்றித்தான் சொல்வேன்.

சரி, ஏன் ராத்திரி? கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் செய்வது இரவில். முதலில் வந்த ஸ்டாடின்கள் உடலில் சில மணி நேரமே நிற்கும். அதனால் ராத்திரி போட வேண்டியிருந்தது. சிம்வாஸ்டாடினுக்கு இன்றும் ராத்திரிதான் பொருத்தம். அட்டோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் நெடுநேரம் வேலை செய்பவை. காலையிலோ ராத்திரியிலோ, சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். தினமும் ஒரே நேரம் என்பது மட்டும்தான் முக்கியம். ராத்திரி டி.வி. முன்னால் தூங்கிவிடுகிற பழக்கம் இருந்தால், டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஈடுகட்டுவதாக எண்ணி இரண்டு போடக்கூடாது.

இரண்டு போட்டால் பலன் இரட்டிப்பாகாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஸ்டாடின் அளவை இரட்டித்தால் எல்.டி.எல். கூடுதலாக ஏறக்குறைய 6 சதவீதம்தான் குறையும். பக்கவிளைவோ அந்தக் கணக்கில் நிற்காது. ரோசுவாஸ்டாடின் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே அளவு மாத்திரை போட்டாலும் ஆசியர்களின் ரத்தத்தில் அது வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஏறுகிறது. ஆசிய வம்சாவளியினருக்கு 5 மி.கி.-யில் தொடங்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 20 போடுகிறார், நமக்கு ஏன் 5 என்று டாக்டரைச் சந்தேகப்படாதீர்கள்.

சத்தமில்லாமல் நிறுத்துவது

கடையில் நின்ற வருடங்களில் அதிகம் கேட்ட வசனம் இது: "ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு தம்பி, கொழுப்பு மாத்திரையை நிறுத்திட்டேன்." மற்ற மாத்திரைகளையெல்லாம் வாங்குவார்கள், இதை மட்டும் சீட்டில் விரலால் மறைத்துக்கொண்டு "இது வேண்டாம்" என்பார்கள். எனக்கு அடிவயிறு கலங்கும். ரிப்போர்ட் நார்மல் ஆனது மாத்திரை வேலை செய்ததால். நிறுத்திய சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவது தெரியவும் தெரியாது. சுகர் ஏறினால் தாகம் எடுக்கும், பிரஷர் ஏறினால் சிலருக்குத் தலை வலிக்கும். கொலஸ்ட்ராலுக்கு வலி, எரிச்சல், மயக்கம் எதுவும் இல்லை. இந்த மாத்திரையைப் போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுவாக இருக்கிறது.

1994-ல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு ஒன்றில், இதய நோய் இருந்த 4,444 பேரில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாடினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து வருடத்துக்கும் மேல் பார்த்தார்கள். சிம்வாஸ்டாடின் போட்டவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. கொலஸ்ட்ரால் மருந்தால் ஆயுள் நீளுமா என்ற பழைய சண்டை அதோடு ஏறக்குறைய முடிந்தது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் ஆகியோருக்கு இது ஆயுள்கால மாத்திரை. எல்.டி.எல்.-ஐ 70-க்குக் கீழே, பல டாக்டர்கள் இன்று 55-க்கும் கீழே வைக்கச் சொல்கிறார்கள். லேப் தாளில் 'நார்மல் 100 வரை' என்று அச்சடித்திருப்பது பொதுவான ஆளுக்கு. உங்கள் இலக்கு என்ன என்று டாக்டரிடம் கேட்டு, அந்த எண்ணை அதே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். "எனக்குக் கொலஸ்ட்ராலே இல்லை, சுகர் மட்டும்தான். இதை ஏன் எழுதினாங்க?" நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாய்கள் கொலஸ்ட்ரால் எண் நன்றாக இருக்கும்போதே பழுதடையத் தொடங்குகின்றன. அதனால் எழுதுகிறார்கள். அது தவறாக எழுதியதல்ல.

இதய நோய் எதுவும் வராத, முன்னெச்சரிக்கையாக மட்டும் போடுகிறவர் நிறுத்துவது பற்றிப் பேசலாம். உடல் எடை குறைந்திருக்கலாம், சிகரெட்டை விட்டிருக்கலாம், பிரஷர் கட்டுக்குள் வந்திருக்கலாம். பேச வேண்டிய இடம் டாக்டர் அறை. வாட்ஸ்அப் குரூப் அல்ல.

வலி

ஸ்டாடின் என்றதும் எல்லோருக்கும் தெரிந்த பயம் தசைவலி. பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா வலியும் மாத்திரையால் வருவதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வந்து, "உங்க மாத்திரையால கால் ரெண்டும் விட்டுப்போச்சு" என்று கடையில் சண்டை பிடித்தவரை எனக்கு நினைவிருக்கிறது. நாலு நாள் நடந்த கால் வலிக்கத்தான் செய்யும்.

ஸ்டாடின் வலிக்கு ஒரு முகம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும். தொடை, இடுப்பு, தோள்பட்டை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில் வரும். மாத்திரை தொடங்கியோ அளவைக் கூட்டியோ சில வாரங்களில், மாதங்களில் தலைகாட்டும். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் திணறுவார். மாடிப்படி ஏறத் தொடை ஒத்துழைக்காது. ஒரு முழங்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, குதிகால் குத்தினாலோ, கழுத்து பிடித்துக்கொண்டாலோ காரணம் பெரும்பாலும் வேறு.

2020-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வெளியிட்ட ஓர் ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேரை எடுத்துக்கொண்டு, நான்கு மாதம் ஸ்டாடின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை என்று கலைத்துக் கலைத்துக் கொடுத்தார்கள். தொல்லை எவ்வளவு என்று தினமும் குறிக்கச் சொன்னார்கள். ஸ்டாடின் மாதங்களில் அவர்கள் பட்ட தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி நிஜம். மாத்திரை போட்டால் வலிக்கும் என்ற எதிர்பார்ப்பே உடலில் வலியாக இறங்குகிறது. முடிவைக் காட்டி விளக்கியதும் அவர்களில் பாதிப்பேர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கினார்கள். பிறகு 2022-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் வருடத்தில் ஆயிரம் பேரில் சுமார் 11 பேருக்கு மட்டுமே ஸ்டாடினே காரணமான தசைத்தொல்லை என்று தெரிந்தது. அந்தப் பதினோரு பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அதனால் வலியைத் துடைத்துப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார். தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறைவு கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசைவலியையும் கூட்டும்; நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு அது கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறது. சில வாரம் நிறுத்திப் பார்ப்பது, அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது, எஸிடிமைப் என்ற வேறுவகை மாத்திரை சேர்ப்பது என்று அவர் கையில் வழிகள் பல உண்டு.

ஒரே ஒரு நிலைமைக்கு மட்டும் அனுமதி கேட்டுக் காத்திருக்காதீர்கள். தசை கடுமையாக வலித்து, கை கால் தளர்ந்து, சிறுநீர் பால் கலக்காத டிகாஷன் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். மிக மிக அரிது. வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள், அட்டைகளையும் எடுத்துக்கொண்டு.

சேராத மருந்துகள்

அந்த அரிதான ஆபத்து பெரும்பாலும் தனியாக வருவதில்லை. இன்னொரு மருந்து கைகொடுத்து வரவழைக்கிறது. 2001-ல் செரிவாஸ்டாடின் என்ற ஸ்டாடினை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். தசைச் சிதைவால் நேர்ந்த மரணங்கள் அதற்குக் காரணம். ஜெம்ஃபைப்ரோசில் என்ற வேறொரு கொழுப்பு மருந்தோடு அதைச் சேர்த்துப் போட்டபோது ஆபத்து பலமடங்கானது. அதற்குப் பிறகும் ஜெம்ஃபைப்ரோசிலோடு ஸ்டாடினைச் சேர்ப்பதைத் தவிர்க்கிறார்கள்.

நம் ஊரில் நான் அதிகம் பயப்படுவது படர்தாமரைக்கு. வெயிலிலும் வியர்வையிலும் தொடை இடுக்கில் வரும். தோல் டாக்டர் இட்ராகோனசோல் எழுதுவார், வாரக்கணக்கில். தோல் டாக்டரிடம் போகிறவர் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்வதே இல்லை. தொடைப் புண்ணுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பார். சம்பந்தம் கல்லீரலில் இருக்கிறது. சிம்வாஸ்டாடினையும் அட்டோர்வாஸ்டாடினையும் உடைத்து வெளியேற்றும் நொதியை இட்ராகோனசோல் முடக்கிவிடும். போட்ட மாத்திரை வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். சிம்வாஸ்டாடினோடு அதைச் சேர்க்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி.-க்கு மேல் போகக்கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதே வேலையைச் செய்யும். தொண்டைப் புண்ணுக்கும், வயிற்றுக் கிருமிக்கு இரண்டு வாரம் கொடுக்கும் அல்சர் கிட்டிலும் அது வரும். குறுகிய நாள் மருந்தாக இருந்தால், அத்தனை நாள் ஸ்டாடினை நிறுத்தி வைக்கச் சொல்வார் டாக்டர். அது அவர் சொல்லி நிறுத்துவது, தேதி போட்டுத் திரும்பத் தொடங்குவது. யூரிக் ஆசிட் வலிக்கான கோல்சிசின், பிரஷருக்கும் படபடப்புக்கும் வரும் டில்டியாசெம், வெராபமில், அமியோடரோன் ஆகியவற்றையும் பட்டியலில் வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர் ரோசுவாஸ்டாடின் தொடங்கினாலோ அளவு மாறினாலோ ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அன்டாசிட் திரவம் ரோசுவாஸ்டாடினோடு வயிற்றில் சந்தித்தால், மருந்தில் ஏறக்குறைய பாதி வீணாகிவிடும். மாத்திரையை முதலில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு கேப்சூல் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஆன்லைனில் 'ரெட் ஈஸ்ட் ரைஸ்' என்று விற்பதில் இயற்கையாகவே லோவாஸ்டாடின் இருக்கிறது. அதையும் மாத்திரையையும் சேர்ப்பது இரண்டு ஸ்டாடின் போடுவதற்குச் சமம்.

பரிசோதனையும் மற்றவையும்

தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை. தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் கொழுப்பு மறுபடி ஒருமுறை. பிறகு டாக்டர் சொல்கிறபடி. மாதாமாதம் கல்லீரல் டெஸ்ட் தேவையில்லை. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தவர்களும் பொதுவாக இதைப் போடலாம். கண் மஞ்சளானாலோ, பசியே எடுக்காமல் வலது விலாவின் கீழ் வலித்தாலோ உடனே போய்க் காட்ட வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு மாத்திரையையும் தொடர்வதுதான் மிகத் தவறான வழி. அளவில்லாமல் குடிப்பவர் டாக்டரிடம் அதை மறைக்கக்கூடாது.

சுகர் கொஞ்சம் ஏறும் என்பது மெய்தான். 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 255 பேர் நான்கு வருடம் ஸ்டாடின் போட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. ஏற்கெனவே எல்லையில் நிற்பவருக்குத்தான் பெரும்பாலும். மாரடைப்பைத் தடுக்கிற பலன் இதைவிடப் பெரிது.

கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பம் தெரிந்தால் அன்றே கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலோருக்கு நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது வேண்டாம்.

டெங்கு, கடும் வாந்தி பேதி, பெரிய அறுவைச் சிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் படுத்தால், இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று வார்டு டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நிறுத்தினால், எப்போது திரும்பத் தொடங்குவது என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாததால் பல மாதம் மாத்திரையே போடாமல் இருந்தவர்கள் உண்டு.

மகன் வீட்டுக்குப் போகும்போது

ஆறு மாதம் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பிள்ளைகளிடம் போகிறவர்கள், டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரைப் போட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அங்கே ஒரு கடையிலும் புரியாது. மாத்திரைகளை அட்டையோடு, கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அங்கே காலை மேசையில் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் இருக்கும். பெயரைக் கேட்டுத் திராட்சை என்று நினைத்துக் குடித்துவிடுகிறார்கள். அது திராட்சை அல்ல, நம் பம்பளிமாஸின் உறவு. உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும், லேசாகக் கசக்கும். இட்ராகோனசோல் முடக்கும் அதே நொதியை இதுவும் குடலில் முடக்குகிறது. சிம்வாஸ்டாடின் போடுகிறவர் தொடவே வேண்டாம். அட்டோர்வாஸ்டாடின் போடுகிறவர் தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம். ரோசுவாஸ்டாடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. பம்பளிமாஸிலும் இதே வகைப் பொருள் இருப்பதால், ஊரில் இருக்கும்போதும் அதே அளவு கவனம் போதும். திராட்சையும் சாத்துக்குடியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

சித்தப்பா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். சட்டைப்பையில், பஸ் பாஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில், மடித்த ஒரு தாள். ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, எந்த டாக்டர், எந்தத் தேதியில் தொடங்கியது. சித்தியின் கையெழுத்து. போன வாரம் பல்வலிக்கு அங்கே டாக்டரிடம் போனபோது, வாயைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் நீட்டினாராம்.